கூரையைப் பிரிக்க எத்தனை நிமிடம்?

என் அக்காவின் வீட்டுக்காரர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அட்டெண்டராக இருக்கிறார். நோயாளிகளைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கும், ஸ்ட்ரெச்சரிலிருந்து எக்ஸ்ரே மேசைக்கும், அங்கிருந்து மறுபடி கட்டிலுக்கும் மாற்றுவதுதான் அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதைச் செய்கிறார். ஆளை இறக்கும்போது கூடப் பிடிப்பவர்களிடம் "பூப்போல, பூப்போல" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குப் பெயரே பூப்போல என்று ஆகிவிட்டது. பெரிய டாக்டர்கூட, "பூப்போல இன்னைக்கு டியூட்டியில இருக்காரா?" என்றுதான் கேட்பார். எனக்கு அவர் அத்தான்.

நான் அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப் அடித்தும் கொடுப்பேன். அத்தான் எழுதிய நாவலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மூன்று தடவை டைப் அடித்தவன் நான். ஆகவே அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எல்லாம் ஒரு நாள் லிஃப்ட் நின்றுபோனதில் ஆரம்பித்தது. நூறு கிலோவுக்குக் குறையாத ஒரு மனிதரை அவசரமாக மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அத்தானும் இன்னும் மூன்று பேரும் அவரைப் படிக்கட்டு வழியாகத் தூக்கிப் போனார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் இருப்பவர்கள் குனிய வேண்டும், பின்னால் இருப்பவர்கள் கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் மற்ற மூவரும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள். அத்தானுக்கோ வேறு யோசனை. பைபிளில் வருகிற, கை கால் விளங்காத அந்தத் திமிர்வாதக்காரனும், அவனைத் தூக்கிக்கொண்டு போன நாலு பேரும் அவர் நினைவுக்கு வந்தார்கள். கப்பர்நகூம் என்ற மீன்பிடி ஊரில் ஒரு வீட்டில் இயேசு பேசிக்கொண்டிருக்கிறார். வாசலில் கால் வைக்க இடமில்லை. அந்த நாலு பேரும் கூரைமேல் ஏறி, கூரையைப் பிரித்து, நோயாளியைப் படுக்கையோடு உள்ளே இறக்குகிறார்கள். அவன் எழுந்து நடக்கிறான்.

அன்று டீ குடிக்க என் கடைக்கு வந்தவர் ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"மாப்ளே, அந்த நாலு பேரும் என் இனம்டா. அவங்களைப் பத்தி ஒரு வரிதான் இருக்கு. நான் முன்னூறு பக்கம் எழுதப் போறேன்."

"நீங்களா?"

"ஏன், தூக்கறதப் பத்தித் தெரிஞ்சவன் எழுதாம வேற யார் எழுதுவா?"

அத்தானிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். தன்னால் முடியும் என்று ஒன்றை நினைத்துவிட்டால் அதற்குப் பிறகு அதைப் பற்றிச் சந்தேகப்பட்டு நேரத்தை வீணாக்க மாட்டார்.

பதினோரு மாதத்தில் நாலு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிக் கொண்டுவந்தார். நான் டைப் அடித்தேன். பதிப்பகத்துக்கு அனுப்பினோம். ஆறு வாரம் கழித்து அந்தப் பதிப்பகத்தை நடத்துகிற அம்மா கூப்பிட்டனுப்பினார். அத்தான் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். நானும் துணைக்குப் போனேன்.

அந்த அம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பேசினார். "தூக்கற இடமெல்லாம் பிரமாதம். படிக்கும்போது எனக்கே தோள் வலிச்சுது. ஆனா கூரைக்கு வந்ததும் உங்க ஆளுங்க டப்பா மூடியைத் திறக்கற மாதிரி திறந்துடறாங்க. கூரை எதனால ஆனது? பிரிக்க எத்தனை நிமிஷம் ஆச்சு? கீழ இருந்தவங்க தலையில என்ன விழுந்துச்சு? இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

வெளியே வந்ததும் ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அத்தான் முகத்தைப் பார்த்தால் பரிசு வாங்கிய ஆள் மாதிரி இருந்தது.

"அம்மா சரியான கேள்வி கேட்டிருக்காங்கடா. இதை நானே கேட்டிருக்கணும்."

மறுநாளே நூலகத்துக்குப் போய்விட்டார். அங்கே இருந்த நூலகர் பெண்மணி சிரிப்பதற்குக்கூட விண்ணப்பம் கேட்கிற ரகம். அகழாய்வுப் புத்தகங்களை வெளியே தர முடியாது என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அத்தான் தினமும் டியூட்டி முடிந்து போய் அங்கேயே உட்கார்ந்தார். மூன்றாவது வாரம், அலமாரியின் மேல் தட்டிலிருந்த கனத்த தொகுதி ஒன்றை அந்த அம்மா எடுக்கத் தடுமாறியபோது, அத்தான் எழுந்துபோய் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி எப்படித் தூக்க வேண்டும் என்று செய்து காட்டினார். அந்த அம்மாவுக்குப் பல வருடமாக முதுகுவலி. அதற்குப் பிறகு புத்தகங்கள் என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வர ஆரம்பித்தன. கூடவே நூலகரும் வருவார். பக்கம் மடங்குகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

எல்லாம் ஆங்கிலம். அத்தானுடைய ஆங்கிலம் மருந்துச் சீட்டைத் தாண்டாது. அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாயங்காலம் விடைத்தாள்களை ஓரம் தள்ளிவிட்டு, அகராதியை வைத்துக்கொண்டு அவளே வரி வரியாகச் சொல்லிக்கொண்டு வருவாள். அத்தான் எழுதிக்கொள்வார். சமையலறை மேசையில் வெங்காயக் கூடைக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு மீன்பிடி ஊர் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது.

முதல் வேலையாக அக்கா நாவலில் களை எடுத்தாள்.

"என்னங்க, இவன் சட்டைப் பையில கையை விடறான். அந்தத் துணியில பையே கிடையாது."

"அடிச்சுடு."

"ஜன்னல் கண்ணாடி வழியா எட்டிப் பார்க்கறாங்களாம். எந்த ஏழை வீட்டுல கண்ணாடி?"

"அடி."

"அம்மாக்காரி தக்காளி நறுக்கறா. தக்காளி அந்தப் பக்கம் வந்து சேரவே இன்னும் ஆயிரத்து ஐந்நூறு வருஷம் ஆகும்."

இதற்கு மட்டும் அத்தான் கொஞ்சம் யோசித்தார். "அந்த எடம் நல்லா வந்திருந்துச்சே. வெங்காயமா மாத்தினா அழற மாதிரியும் வெச்சுக்கலாம்" என்று சொல்லி மாற்றினார்.

பெரிய அடி கட்டிலுக்குத்தான் விழுந்தது. அத்தான் நாவலில் நோயாளி நாலு கால் வைத்த கட்டிலில் படுத்திருந்தான். அது அப்படி இருக்க வாய்ப்பில்லை, ஏழைகள் சுருட்டி எடுத்துப் போகிற மாதிரி தடித்த பாயோ மெத்தையோதான் இருந்திருக்கும் என்று தெரிந்தது. இதனால் நாற்பது பக்கம் வீணாயிற்று. கட்டிலைத் தூக்குவது வேறு, துவளுகிற பாயைத் தூக்குவது வேறு. அத்தான் நாற்பது பக்கத்தையும் கிழித்து என் கடைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

கூரைக்கு வந்தோம். கருங்கல் சுவர். பெரிய மரம் கிடைக்காத இடம், அதனால் அறைகள் குறுகல். சுவருக்குச் சுவர் உத்தரங்கள். அவற்றின்மேல் குறுக்கே கிளைகள், அதற்குமேல் நாணல், வைக்கோல் கலந்து மிதித்த மண். மழைக்குப் பிறகு கல் உருளையை உருட்டி மண்ணை இறுக்குவார்களாம். மேலே ஏற வெளியிலேயே படிக்கட்டு. ஒரு சுவிசேஷம் கூரையைப் பிரித்தார்கள் என்கிறது. இன்னொன்று ஓடுகளைச் சொல்கிறது. இரண்டில் எது என்று அத்தான் எங்கள் சபைப் போதகரிடம் போய்க் கேட்டார். ஓட்டுக் கூரை பழகிய நகரத்து வாசகர்களுக்காக அப்படி எழுதியிருக்கலாம் என்று சில அறிஞர்கள் சொல்வதாகப் போதகர் விளக்கினார். கூடவே, "நீங்க ஏன் இவ்வளவு நுணுக்கமா போறீங்க? விசுவாசம்தானே முக்கியம்?" என்றார்.

"விசுவாசத்தை மண்வெட்டி இல்லாம எப்படிங்கய்யா காட்டுவாங்க?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார் அத்தான்.

இந்தச் சமயத்தில்தான் டிரைவர் ஒருவர் இதில் வந்து சேர்ந்தார். அவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. வாரத்தில் இரண்டு நாள் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு வருவார். சக்கர நாற்காலியிலிருந்து மேசைக்கு மாற்ற அத்தானைத் தவிர யாரையும் தொட விடமாட்டார். வயதில் மூத்தவர் என்பதால் அத்தான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். டைப் அடித்த பிரதி ஒன்றைப் படிக்கக் கொடுத்திருந்தார்.

ஒரு வாரம் கழித்து டிரைவர் என் கடைக்கு முன் நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்தினார். மடியில் பிரதி.

"தம்பி, நாலு பேருக்கும் பேர் வெச்சிருக்கே. ஒருத்தனுக்குக் காதல் வெச்சிருக்கே. இன்னொருத்தனுக்குக் கடன்காரன் வெச்சிருக்கே. படுத்திருக்கறவன் தொண்ணூறு பக்கமா வாயே தொறக்கலியே, கவனிச்சியா?"

அத்தான் பிரதியை வாங்கிப் புரட்டினார். உண்மைதான்.

"அவன் நோயாளிண்ணே. சோர்ந்து போயிருப்பான்."

"யாரு சோர்ந்து போனா? பேரே என்ன போட்டிருக்கு? திமிர்வாதக்காரன். எனக்கு வாதமும் இருக்கு, திமிரும் இருக்கு. நாலு பேர் என்னை மொட்டைமாடியில வெச்சுக்கிட்டு ஓட்டை போட்டா நான் சும்மா கெடப்பேனா? 'டேய், கயிறைப் பார்த்துக் கட்டுங்கடா'ன்னு கத்த மாட்டேன்?"

இருபத்திரண்டு வருடமாக ஆட்களைத் தூக்குகிறவர், தூக்கப்படுகிறவன் என்ன நினைக்கிறான் என்று ஒரு தடவைகூட எழுதிப் பார்க்கவில்லை. அத்தான் முகம் கொஞ்ச நேரம் சுருங்கியது. அவர் சங்கடப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். பிறகு நோட்டை எடுத்து டிரைவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கண்ணே. மேலேர்ந்து இறக்கினா என்ன தோணும்?"

"எனக்கெப்படித் தெரியும்? என்னை யாரும் கூரையிலேர்ந்து இறக்கலியே." டிரைவர் அத்தானை உற்றுப் பார்த்தார். "இறக்கினா சொல்றேன்."

அப்படித்தான் அந்தப் பைத்தியக்கார வேலை ஆரம்பித்தது.

அத்தானுக்குத் தெரிந்த கட்டட மேஸ்திரி ஒருவர் இருந்தார். அவர் அம்மாவை ஒரு காலத்தில் அத்தான் வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குத் தூக்கிப் போயிருக்கிறார். மேஸ்திரியின் வேலையிடத்தில், சாமான் வைக்க நாலு சுவர் எழுப்பிக் கூரை போடாமல் விட்டிருந்த ஒரு சின்ன அறை இருந்தது. உயரம் பத்து அடி. விஷயத்தைக் கேட்டதும் மேஸ்திரி பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"போடறதுக்குக் கூப்பிட்டிருக்காங்க. இடிக்கறதுக்குக் கூப்பிட்டிருக்காங்க. இடிக்கறதுக்காகப் போடச் சொல்ற மொத ஆள் நீங்கதான்" என்றார். ஆனால் கண் பளபளத்தது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலை செய்தோம். புத்தகத்தில் உள்ளபடியே உத்தரம், கிளை, நாணல், வைக்கோல் மண், மேலே ஏற வெளியில் படிக்கட்டு. உத்தரங்களுக்கு நடுவில் இரண்டரை அடி இடைவெளி. மேஸ்திரி மட்டும் யாரையும் கேட்காமல் உத்தரங்களைத் தடிமனாகப் போட்டுவிட்டார். "அந்தக் காலத்துல எப்படியோ, என் எடத்துல ஒருத்தன் விழக்கூடாது" என்றார். கல் உருளைக்குப் பதில் சாலை போடுகிறவர்களிடமிருந்து கையால் தள்ளும் உருளை ஒன்று இரவல் வந்தது. பத்து நாள் காயவிட்டோம்.

பிரிக்கிற நாளில் அக்கா கையில் கடிகாரத்தோடு வந்து கீழே நின்றாள். அத்தானும் மேஸ்திரியும் மண்வெட்டியோடு மேலே. நானும் ஆஸ்பத்திரியில் அத்தானோடு வேலை பார்க்கும் ஒருவரும் மண்ணை ஒதுக்க. முதல் வெட்டிலேயே தெரிந்துவிட்டது, இது டப்பா மூடி இல்லை. இறுகிய மண் பாளம் பாளமாகத்தான் பெயர்ந்தது. கிளைகளை ஒவ்வொன்றாக அறுக்க வேண்டியிருந்தது. கீழே மழை மாதிரி புழுதி. அக்கா இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தாள். தலையெல்லாம் வைக்கோல்.

"எத்தனை நிமிஷம்?" என்று அத்தான் மேலேயிருந்து கேட்டார்.

"நாப்பத்தொண்ணு. உள்ள யாராலயும் நிக்க முடியாது, தெரியுதா? அத்தனை பேரும் சுவரோரமா ஒதுங்கிடுவாங்க. நடுவுல எடம் தானா வந்துடும்."

அத்தான் உத்தரத்தின்மேல் உட்கார்ந்தபடியே நோட்டை எடுத்து எழுதினார். நாவலில் அவர் அதுவரை, ஆளை இறக்க இடம் எப்படிக் கிடைத்தது என்று யோசித்ததே இல்லை.

பாயில் மணல் மூட்டை வைத்து, நாலு மூலையிலும் கயிறு கட்டி இறக்கினோம். நாலு பேரும் நாலு விதமாகக் கயிற்றை விட்டோம். நான் வேகமாக விட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். பாய் சாய்ந்து, மூட்டை சறுக்கி, தலைகுப்புற விழுந்து வெடித்தது.

அத்தான் அசரவில்லை. "நல்லதாப் போச்சு" என்றார். "மூலையில கட்டினா பாய் துவளும். அடியில ரெண்டு எடத்துல குறுக்கா வாரு மாதிரி போட்டு, நாலு முனையும் மேல வரணும். அப்புறம் அவங்கவங்க இஷ்டத்துக்கு விடக்கூடாது. ஒருத்தர் சொல்லணும், நாலு பேரும் ஒரு முழம் ஒரு முழமா விடணும்." அன்று மட்டும் பன்னிரண்டு தடவை மூட்டையை இறக்கினோம். கடைசி ஐந்து தடவை மூட்டை தூங்குகிற குழந்தை மாதிரி இறங்கியது.

டிரைவரை இறக்கவே கூடாது என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். "கதைக்காக ஒரு மனுஷரை ஆபத்துல விடுவீங்களா?" டிரைவரோ அக்காவுக்கே போன் போட்டார். "டீச்சரம்மா, எனக்கு அம்பத்தி ரெண்டு வயசு. எனக்கு எது ஆபத்து, எது இல்லேன்னு நாலு பேர் கூடிப் பேசறது இருக்கு பாருங்க, விபத்தைவிட அதுதான் வலிக்குது." அக்கா இறங்கி வந்தாள். ஆனால் கணக்கு டீச்சர் கணக்கு டீச்சர்தான். சிகிச்சை கொடுக்கும் டாக்டரம்மாவிடம் போய் எழுத்தில் நிபந்தனைகளை வாங்கி வந்தாள். கழுத்துக்குப் பட்டை, கீழே கனமான மெத்தைகள், மார்புக்கும் இடுப்புக்கும் வார், டாக்டரம்மாவும் கூடவே இருப்பார். எல்லாவற்றுக்கும் டிரைவர் தலையாட்டினார். தலை மேலாகவும் கால் கீழாகவும் கொஞ்சம் சாய்த்து இறக்க வேண்டும் என்பது மட்டும் அவர் போட்ட நிபந்தனை. "நான் மூஞ்சிகளைப் பார்த்துக்கிட்டு இறங்கணும்."

டிரைவரை இறக்க வேண்டிய நாளன்று காலை பத்து மணிக்கு எங்களுக்கு ஒரு ஆள் குறைந்தது. ஆஸ்பத்திரி நண்பருக்கு அவசர டியூட்டி. மேஸ்திரி தன் ஆட்களில் ஒருவனைக் கூப்பிடப் போனார்.

"அவனுக்குக் கயிறு பழக்கமில்ல" என்றாள் அக்கா. கைப்பையை டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படியேறினாள். "பன்னெண்டு தடவையும் நான்தானே எண்ணினேன்? எத்தனாவது முழத்துல என்னன்னு எனக்குத் தெரியும்."

"அக்கா, இது ஆம்பளைங்க..." என்று ஆரம்பித்தேன்.

"நாலு பேர்னுதான் போட்டிருக்கு. நாலு ஆம்பளைன்னு போட்டிருக்கா?"

டிரைவரைத் தூக்கிக்கொண்டு படியேறினோம். அத்தான் ஒவ்வொரு படிக்கும் குரல் கொடுத்தார். மேலே ஓட்டையின் விளிம்பில் பாயை வைத்தோம். தலைப்பக்கம் அத்தானும் அக்காவும். கால்பக்கம் மேஸ்திரியும் நானும். உத்தரத்தின்மேல் கால் அகட்டி நின்றோம். வெயில் சுள்ளென்று அடித்தது. டிரைவர் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். என் முடிச்சைப் பார்த்துவிட்டு, "ஜெராக்ஸ், இன்னொரு சுத்து போடு" என்றார். போட்டேன்.

"ஒரு முழம்" என்றார் அத்தான்.

அவர் இறங்க ஆரம்பித்தார். மேலே இருக்கிற எங்களுக்கு அவர் முகம் மட்டும் தெரிந்தது. முதல் முழத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவதில் அத்தானைப் பார்த்தார். மூன்றாவதில் அவர் பார்வை எங்களை விட்டுக் கீழே போனது.

கீழே மேஸ்திரியின் ஆட்கள் ஆறேழு பேர் சுவரோரமாக நின்றிருந்தார்கள். யாரும் நடுவில் வரக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் பாய் அவர்கள் தலை உயரத்துக்கு வந்ததும், யார் முதலில் நகர்ந்தார்கள் என்று தெரியாது, அத்தனை பேரும் முன்னால் வந்து கையை உயர்த்தினார்கள். டாக்டரம்மா கையும் அதில் இருந்தது. கயிறு என் கையில் சட்டென்று இலேசாயிற்று. பயந்தே போனேன். அறுந்துவிட்டது என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் டிரைவர் பதினைந்து உள்ளங்கைகள்மேல் இருந்தார். அவர்கள் மெத்தையில் வைத்தார்கள்.

அத்தான் படி வழியாகக் குதிக்காத குறையாக இறங்கி ஓடினார். "அண்ணே! என்னண்ணே? சொல்லுங்கண்ணே!"

டிரைவர் கன்னத்தில் மண் அப்பியிருந்தது. ஒருவன் அதைத் துடைக்கப் போனான், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"தம்பி, நான் கீழ இருக்கறவங்க மேல கோவமா இறங்கினேன். வழி விடாத பசங்க. உன் கதையிலயும் அவங்க அப்படித்தானே? இறங்கறப்போ ஒவ்வொரு மூஞ்சியா பக்கத்துல வருது. ஒருத்தன் கண்ணுல மண்ணு விழுந்து தேய்ச்சுக்கிட்டே இன்னொரு கையை நீட்டறான். எப்படிக் கோவப்படறது? கடைசி மூணு அடி உங்க கயிறுல வரல, அவங்க கையிலதான் வந்தேன். எழுதிக்கோ."

அத்தான் நோட்டைத் தேடினார். நோட்டு கூரைமேலேயே இருந்தது. அக்கா மேலேயிருந்து வீசினாள்.

நாவலை அத்தான் மறுபடி முதலிலிருந்து எழுதினார். இந்தத் தடவை படுத்திருக்கிறவன் சொல்வதாக எழுதினார். ஏழு மாதம் ஆயிற்று. அக்கா தன்னையும் நாலு பேரில் ஒருத்தியாகப் போட வேண்டும் என்று கேட்டாள். அத்தான் போதகரிடம் கேட்டுவிட்டு வந்து, "ஒரு சுவிசேஷத்துல நாலு பேர்னு மட்டும்தான் இருக்கு. இன்னொண்ணுல தூக்கினவங்க ஆம்பளைங்கன்னு மூலத்துலயே இருக்காம். மாத்த மாட்டேன்" என்றார். அக்கா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அத்தான் ஒரு அத்தியாயத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் கயிறே இல்லாமல் நாலு பேரும் கூரைமேல் முழித்துக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்து வீட்டு மீனவர் மனைவி வலைக்கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்து, படியிலேயே நின்று முழம் எண்ணுகிறாள். "இதுக்கு ஆதாரம் இருக்கா?" என்று அக்கா கேட்டாள். "இல்ல. ஆனா இதுக்கு எதிராவும் ஒண்ணும் இல்ல" என்றார் அத்தான். அக்கா அந்த அத்தியாயத்தைத் திருப்பித் தரவே இல்லை. நான் நகலிலிருந்துதான் டைப் அடித்தேன்.

பதிப்பகத்து அம்மா கூரை அத்தியாயத்தைப் படித்துவிட்டு எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. தலைப்பை மட்டும் மாற்றச் சொன்னார், அத்தான் மறுத்தார், அந்த அம்மாவே இறங்கி வந்தார்.

புத்தகம் வந்து இப்போது ஒரு வருடம் ஆகப் போகிறது. ஆயிரம் பிரதி தீர்ந்து இரண்டாவது பதிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. டிரைவர் சிகிச்சைக்கு வரும் நாட்களில் அந்த வார்டில் இருப்பவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார். தனக்குப் பிடிக்காத வரிகளைத் தாண்டிப் போய்விடுவார். நூலகர் அம்மா தன் கையாலேயே முத்திரை குத்தி மூன்று பிரதிகளை அலமாரியில் வைத்திருக்கிறார், ஒன்று வெளியே தரப்படாதது.

போன மாதம் போதகர், அத்தானைச் சபையில் பத்து நிமிடம் பேசச் சொன்னார். அத்தான் மைக்கை வாங்கி, "எனக்குப் பேச வராது, செஞ்சு காட்டறேன்" என்றார். மேடை ஓரத்தில் இருந்த பெஞ்சை நடுவில் இழுத்துப் போட்டுப் போதகரையே அதில் படுக்கச் சொன்னார். சபையிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டார். நாலு பேருமாகப் பெஞ்சைத் தோள் உயரத்துக்குத் தூக்கி நடுப்பாதையில் நடந்தார்கள். போதகர் இரண்டு பக்கமும் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்திருந்தது.

"எப்படிங்கய்யா இருக்கு?" என்று அத்தான் கேட்டார்.

"முப்பது வருஷமா இதைப் பத்திப் பிரசங்கம் பண்றேன்" என்று மேலேயிருந்து போதகர் குரல் வந்தது. "இவ்வளவு ஆடும்னு தெரியாது."

சபையே சிரித்தது. அத்தான் மற்ற மூவரையும் பார்த்து நடையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு சுற்று போகலாம் என்று திரும்பினார்.